பழைய லேண்ட் ரோவருக்கு ஐந்து கியர் பெட்டி மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வைத்திருப்பவர்களில் பலருக்கு, நான்கு கியர் பெட்டியை இறக்கிவிட்டு ஐந்து கியர் பெட்டியை ஏற்ற வேண்டும் என்ற ஆசை என்றாவது ஒரு நாள் வந்தே தீரும். அந்த ஆசையில் வண்டியைக் கொண்டுபோய் ஒரு பட்டறையில் விட்டு நான் ஏமாந்த கதையை, இன்னொருவர் அதே படியில் கால் வைக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் செய்த வேலையைச் சொன்னால் போதும்.

என்னுடையது 109 அங்குலச் சக்கர இடைவெளியும் 2.25 லிட்டர் டீசல் எஞ்சினும் கொண்ட வண்டி. 1971 முதல் 1985 வரை தயாரான சீரிஸ் 3இல்தான் நான்கு முன்கியர்களுக்கும், கியர் கரகரக்காமல் விழ உதவும் சிங்க்ரோ வந்தது. என் பெட்டி நல்ல நிலையில் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரச்சினை நெடுஞ்சாலையில்தான். எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஹை விகிதம் 1.148, சக்கர அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலின் விகிதம் 4.7; இரண்டையும் பெருக்கினால் 5.4. நேர் விகிதம் (1:1) கொண்ட நான்காவது கியரில் சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் 5.4 முறை சுற்ற வேண்டும். 7.50-16 டயரில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 2,950 சுற்று. இரண்டு மணி நேரம் அப்படி ஓட்டிவிட்டு இறங்கினால் காதில் இரைச்சல் நிற்காது.

பட்டறைக்காரர் சொன்ன வழி தவறானதல்ல. சீரிஸ் வண்டிகளுக்குப் பின் வந்த டிஃபெண்டரின் எல்டி77 கியர்பாக்ஸையும் அதனோடு சேர்ந்து வரும் எல்டி230 டிரான்ஸ்ஃபர் கேஸையும் ஒன்றாகவே மாட்டுவது பலரும் செய்கிற மாற்றம்தான். எல்டி77இன் ஐந்தாவது கியர் விகிதம் சுமார் 0.83. டிரான்ஸ்ஃபர் கேஸ் 1.22 விகிதத்தில் இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன், சரி என்றார். அப்படி அமைந்தால் மொத்த விகிதம் 4.8க்குக் கீழே வந்து, அதே 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுமார் 2,600 சுற்றோடு நின்றுவிடும். முழுவதும் பிரித்து, புது பேரிங்கும் புது சிங்க்ரோ வளையங்களும் போட்டுத் தருவதாகச் சொன்னார். பணம் முழுவதையும் முன்கூட்டியே கொடுத்தேன், என் பழைய பெட்டியையும் எக்ஸ்சேஞ்ச் என்று ஒப்படைத்தேன். ரசீதில் ‘கியர்பாக்ஸ் மாற்றம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. விகிதமும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை.

சொன்ன நாளைத் தாண்டி ஏழு வாரம் கழித்து வண்டி கைக்கு வந்தது. பெட்டி முழுவதும் வெள்ளி வண்ணம் பளபளத்தது. வெளியே எடுத்து ஐந்தாவது கியர் போட்டு 80ஐத் தொட்டபோது, எஞ்சின் சுற்றைக் காட்ட நான் முன்பே பொருத்தி வைத்திருந்த டாக்கோமீட்டரின் முள் 3,000இல் நின்றது. முள்தான் பிழை என்று நினைத்து இன்னொரு மானியைக் கடன் வாங்கிப் பார்த்தேன். அதுவும் அதையே காட்டியது. பழைய பெட்டியின் நான்காவது கியரைவிட, புதுப் பெட்டியின் ஐந்தாவது கியரில் எஞ்சின் கூடுதலாகச் சுற்றியது.

காரணம் கண்டுபிடிக்க வேறொரு மெக்கானிக் வண்டியின் கீழ் படுத்தார். கியர்பாக்ஸை நான்காவது கியரில் வைத்தார், ஏனென்றால் அது நேர் விகிதம். டிரான்ஸ்ஃபர் கேஸை ஹை நிலையில் வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டும் டிஃப் லாக்கைப் போட்டார். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து சக்கர அச்சுகளுக்குப் போகும் முன், பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள் இரண்டையும் கழற்றிவிட்டு, பின்பக்கம் வெளிவரும் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். எஞ்சினைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றச் சொல்லிவிட்டு, விளிம்பு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினார். 1.22 விகிதமாக இருந்தால் எட்டுச் சுற்றைத் தாண்ட வேண்டும், வந்தது ஏழுதான். அது டிஃபெண்டரில் வழக்கமாக வரும் 1.41 விகிதப் பெட்டி. டிஃபெண்டரின் 3.54 டிஃபரன்ஷியலுக்கு அது பொருத்தமானது, என் 4.7க்கு அல்ல. 1.41, 4.7, 0.83 மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், 5.5 வரும். இதைத் தெரியாமல் செய்திருப்பார்கள் என்று நம்ப என்னால் முடியவில்லை, ஏனென்றால் பெட்டியின் வரிசை எண்ணின் முதல் எழுத்துகளைப் பார்த்தாலே விகிதம் இன்னதென்று தெரிந்துவிடும், அதோடு 1.41 பெட்டி எளிதில் கிடைப்பது.

அடுத்து எண்ணெய். டிஃபெண்டரின் எல்டி77க்கு ஏடிஎஃப் எனப்படும் மெல்லிய எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். உள்ளே ஒரு சிறு எண்ணெய்ப் பம்ப் வேறு இருக்கிறது. காலையில் இரண்டாவது கியர் கரகரவென்று முரண்டு பிடித்ததால் வடிகால் போல்ட்டைத் திறந்தோம். வந்தது கெட்டியான 90 எண்ணெய். அதைச் சட்டியில் பிடித்து வெயிலில் சாய்த்தபோது, மஞ்சள் நிறத்தில் பித்தளைத் தூள் மின்னியது. புது சிங்க்ரோ வளையம் போட்ட பெட்டியில் சில நூறு கிலோமீட்டருக்குள் அவ்வளவு பித்தளை உதிர வழியில்லை. பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது, பற்கள் மழுங்கிய பழைய வளையங்களே இருந்தன. தேய்ந்த பெட்டியின் சத்தத்தை அமுக்கவே கெட்டி எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள் என்பது அந்த மெக்கானிக்கின் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இதையெல்லாம் பணநஷ்டம் என்று பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கைப்பிரேக் விஷயம். என்னுடையது போன்ற பழைய லேண்ட் ரோவரில் கைப்பிரேக் பின்சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் ஒரு டிரம்மாக இருக்கிறது. புது அமைப்பு பழையதைவிட நீளமானது என்பதால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளிப் போகிறது, அதற்கேற்பப் பின் ஷாஃப்ட்டைக் குறைக்க வேண்டும், முன் ஷாஃப்ட்டை நீட்ட வேண்டும். இவர்கள் பின் ஷாஃப்ட்டைப் போதிய அளவு குறைக்கவில்லை. பள்ளம் மேட்டில் நழுவி விளையாட வேண்டிய ஸ்லிப் ஜாயின்ட்டுக்கு விரல் நகம் அளவு இடம்கூட இல்லாமல், ஒவ்வொரு குலுக்கலிலும் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸின் பேரிங்கை முன்னால் இடித்திருக்கிறது. பேரிங் ஆடி, ஆயில் சீல் கிழிந்து, எண்ணெய் நேராக டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை நான் முழுவதும் இழுத்துவிட்டேன்; கேட்டைத் திறக்க என் மகள் இறங்கினாள். வண்டி மெதுவாக அவளை நோக்கி உருள ஆரம்பித்தது. நான் இருக்கையில் இருந்ததால் கால் பிரேக்கை மிதித்துவிட்டேன். நானும் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

முன் ஆக்ஸிலைப் பற்றியும் அவர்கள் வாய் திறக்கவில்லை. எல்டி230 நான்கு சக்கரங்களையும் எப்போதும் இயக்குவது. சீரிஸ் ஆக்ஸிலிலோ முன்சக்கரத்துக்குப் போகும் அச்சில் திரும்பும்போது சுழற்சி வேகம் ஏறி இறங்கும் சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட்தான் இருக்கிறது, டிஃபெண்டரில் உள்ள, வேகம் மாறாமல் சுற்றும் சிவி ஜாயின்ட் இல்லை. அதனால் வளைவில் திரும்பும்போதெல்லாம் ஸ்டியரிங் கையில் துடித்தது. முன் இயக்கத்தைத் தேவைப்படும்போது மட்டும் இணைக்கும்படி மாற்றும் உறுப்புகள் கிடைக்கின்றன. அல்லது முன் ஆக்ஸிலையே மாற்ற வேண்டும். இரண்டில் ஒன்று அவசியம் என்று தெரிந்திருந்தால் அதையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுத்திருப்பேன்.

படங்களோடும் கணக்கோடும் போய்க் கேட்டபோது, முதலில் ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். பிறகு, வேறு ஆள் கைவைத்த பெட்டிக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். என் பழைய பெட்டியைத் திருப்பிக் கேட்டேன். அதை அந்த வாரமே விற்றுவிட்டார்களாம். வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் முதல் அதிலேயே இருந்த பெட்டி அது.

நீங்கள் இந்த வேலைக்கு வண்டியைக் கொடுப்பதாக இருந்தால், மாட்டப்போகும் இரண்டு பெட்டிகளின் வரிசை எண்ணையும் விகிதத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பெட்டி மேசையில் திறந்திருக்கும்போது நேரில் போய்ப் பாருங்கள். வரக் கூடாது என்று தடுத்தால் அங்கேயே வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸ் சோதனைக்கு அரை மணி நேரம் போதும், அதை மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் செய்யுங்கள். பழைய பெட்டியை, குறைந்தது ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கும் வரை உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள்.

என் வண்டியில் இப்போது 1.22 கியர்கள் ஏறிவிட்டன, பின் ஷாஃப்ட் சரியான அளவில் இருக்கிறது, டிரம் காய்ந்திருக்கிறது. முன் ஆக்ஸில் வேலை இன்னும் பாக்கி. பழைய பெட்டியின் எண்ணை வண்டியின் பழைய குறிப்பேட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, யார் கையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.