போன் கேமராவா, தனி கேமராவா: காசிமேடு, எண்ணூர்னு ரெண்டையும் தூக்கிட்டு சுத்துன அனுபவம்

பிராண்ட் சண்டைக்குள்ள போகாம எழுதறேன். என்கிட்ட இருக்கறது 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் ஒண்ணு (லென்ஸ் மாத்தி மாத்தி போடற தனி கேமரா, உள்ள வெளிச்சத்தை வாங்கற சென்சார் ஏபிஎஸ்-சிங்கற சைஸ்), கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ், அப்புறம் தனியா வாங்குன 50 எம்எம் எஃப் 1.8, அதாவது துவாரம் பெருசா திறந்து வெளிச்சத்தை நிறைய உள்ள விடற லென்ஸ். போன் நடுத்தர விலை ஆண்ட்ராய்டு, மெயின் கேமரா 50 மெகாபிக்சல். ரெண்டையும் தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர்னு நம்ம வட சென்னை ஏரியாவுலயே வருஷக்கணக்கா வெச்சு எடுத்திட்டு இருக்கேன். "போன்லயே இவ்ளோ சூப்பரா வருதே, இன்னும் எதுக்கு அந்த கேமரா"ன்னு கேக்கறவங்க, "போன்ல எடுக்கறதெல்லாம் ஒரு போட்டோவா"ன்னு கேக்கறவங்க, ரெண்டு பேருக்கும் சேத்துதான் இது. எனக்கு பெருசா தெரியற வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு, ஒரு படத்துல வெளிச்சம் எவ்ளோ இருக்கணும் இருட்டு எவ்ளோ இருக்கணும்னு யாரு முடிவு பண்றாங்க, நாமளா, போனா.

காசிமேட்டு மீன் ஏலத்தையே எடுத்துக்கோங்க. விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே போட்டுங்க வந்து சேந்துடும், ஏலம் கூவற சத்தம், ஐஸ் உடைக்கற சத்தம், தலைல கூடையோட ஓடறவங்க, மேல ரெண்டு மூணு ஃபோகஸ் லைட்டு, அதை விட்டா சுத்தி கும்மிருட்டு. எனக்கு நல்லா பழக்கமான ஒரு அக்கா வஞ்சிரமும் சங்கராவும் வெச்சிட்டு உக்காந்திருப்பாங்க, அவங்ககிட்ட கேட்டுட்டு, ஒரே இடத்துல நின்னு முதல்ல போன்ல எடுத்தேன், உடனே 50 எம்எம்ல எடுத்தேன். போன் படம் எடுத்த எடுப்புல பளிச்சுன்னு இருந்துச்சு, பின்னாடி இருட்டுல இருந்த தார்ப்பாய், அடுக்கி வெச்ச கூடைங்க எல்லாம் தெரியுது, கண்ணுக்கு கருப்பா இருந்த வானம் படத்துல நீலமா வந்திருக்கு. ஆனா அக்கா முகம் ரெண்டு ஷேடு வெளுத்துப் போச்சு, கன்னத்து சுருக்கம் எல்லாம் காணோம், மூக்குத்தியை சுத்தி ஒரு வெள்ளை கோடு வேற. அவங்களுக்கு முழங்கைலருந்து மணிக்கட்டு வரைக்கும் மீன் செதில் ஒட்டிருக்கும், அதுவரைக்கும் ஆஞ்ச மீனோட செதில், போன்ல அது வெறும் வெள்ளை தீத்தலா வந்திருந்துச்சு.

கேமராவுல லென்ஸ் துவாரம் எஃப் 2 (நம்பர் குறைஞ்சா துவாரம் பெருசு), ஷட்டர் திறந்திருக்கற நேரம் 1/125 செகண்ட், வெளிச்சத்தை ஏத்திக் காட்டற ஐஎஸ்ஓ 3200. முகத்துல ஒரு பாதி இருட்டு, லைட்டு படற கன்னத்துல வியர்வை, கைல ஒவ்வொரு செதிலும் தனித்தனியா மினுக்குது, ஒரே ஒரு செதில் வளையலுக்கு அடியில போய் மாட்டிருக்கறது கூட தெரியுது. தார்ப்பாய் இருந்த இடமே தெரியல, இருட்டு இருட்டாவே நிக்குது. ரெண்டையும் அக்காகிட்ட காட்டுனேன். போன் படத்தை பாத்துட்டு "இன்னா தம்பி, பவுடர் பூசுன மாதிரி கீறேன்"னாங்க. கேமரா ஸ்கிரீனை கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இது நானு. இத்த எம் பொண்ணுக்கு அனுப்பு"ன்னாங்க.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு பாத்தா, போன்ல குறை இருக்குன்னு சொல்ல முடியாது, அது அப்படி செய்யறதுக்குன்னே பண்ணி வெச்சிருக்காங்க. நல்ல போன்லயே மெயின் கேமரா சென்சார் 8லருந்து 10 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும், ஏபிஎஸ்-சி சென்சார் கிட்டத்தட்ட 23 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் உயரம். பரப்பளவுல கணக்கு பண்ணா அஞ்சுலருந்து ஏழு மடங்கு பெருசு. அந்த சின்ன சென்சார்ல விழற கொஞ்சூண்டு வெளிச்சத்தை சமாளிக்க போன் ஒரு படம் எடுக்காது, நாம ஒரு தடவை அமுக்கினா அது வரிசையா பல ஃப்ரேம் எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தி, புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸை துடைச்சு, இருட்டை மேல தூக்கி, வெளிச்சத்தை கீழ இறக்கி, ஓரத்தை கூர்மையாக்கி கடைசில ஒண்ணை குடுக்கும். 50 மெகாபிக்சல்னு போட்டிருந்தாலும் நாலு பிக்சலை ஒண்ணா சேத்து சுமார் 12 மெகாபிக்சலாதான் சாதாரணமா சேவ் ஆகும். 2018ல கூகுள் பிக்சல்ல நைட் சைட் வந்தப்புறம் எல்லா கம்பெனியும் இந்த வழியில ஓட ஆரம்பிச்சிட்டாங்க, நிஜமாவே அது பெரிய சாதனைதான், கைல புடிச்சிட்டே ராத்திரில படம் எடுக்க முடியுதுன்னா சும்மாவா. ஆனா நாய்ஸ்னு நினைச்சு அது துடைக்கறதுல மீன் செதிலும் போகும், அக்காவோட சுருக்கமும் போகும்.

நிறத்தை பத்தி கொஞ்சம் கூட பேசணும், நம்ம ஊருக்கு அது முக்கியம். ஃபிலிம் காலத்துலயே கோடாக் லேபுங்கள்ல கலர் சரியா வருதான்னு பாக்க ஷெர்லி கார்டுன்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க, அதுல இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, பல வருஷம் அந்த தோல் நிறத்தை வெச்சுதான் மத்தவங்க நிறமும் அளவு பாக்கப்பட்டுச்சு. டிஜிட்டல்லயும் அந்த பழக்கம் சீக்கிரம் போகல, 2021ல கூகுள் பிக்சல் 6 வந்தப்போ ரியல் டோன்னு தனியா ஒரு வேலையே பண்ண வேண்டியிருந்துச்சு, கருப்பு, மாநிறத் தோலெல்லாம் உள்ளது உள்ளபடி வரணும்னு. இங்க வெயில்லயும் உப்புக் காத்துலயும் வேலை செய்யறவங்க முகத்தை வெளுப்பாக்கி "அழகாக்கிட்டோம்"னு குடுக்கறது எனக்கு சுத்தமா பிடிக்கல, அது அவங்க முகத்தை அவங்ககிட்டருந்து எடுத்துக்கறது. தனி கேமராவுலயும் ஆட்டோல விட்டா இருட்டான சீனை வெளிச்சமாக்கதான் பாக்கும், வெளிச்சத்தை அளக்கற அதோட மீட்டருக்கு எல்லாமே நடுத்தர சாம்பல் கலர்தான். ஆனா அங்க எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படம் எவ்ளோ வெளிச்சமா வரணும்னு நாம சொல்ற செட்டிங்) மைனஸ் ஒண்ணுக்கு திருப்பினா அது கேட்டுக்கும், அவ்ளோதான்.

போன் வெச்சிருக்கறவங்களும் இதை ஓரளவு பண்ணலாம். முதல் வேலையா பியூட்டி மோடை ஆஃப் பண்ணுங்க, சில போன்ல முழுசா பூஜ்ஜியத்துக்கு கொண்டு வரணும். ராத்திரில நைட் மோடு தானா ஆன் ஆனா அதையும் ஆஃப் பண்ணி ஒண்ணு எடுத்து பாருங்க. முகத்துல தொட்டா பக்கத்துல ஒரு சூரியன் ஐகான் வரும், அதை கீழ இழுங்க, பயப்படாம நல்லா இழுங்க. ப்ரோ மோடுல ரா (போன் அதிகம் கை வெக்காத ஃபைல்) இருந்தா அதுல எடுத்து பின்னாடி பொறுமையா எடிட் பண்ணலாம், ஃபைல் பெருசா இருக்கும், பரவால்ல. இன்னொண்ணு, மெயின் கேமரா 24 எம்எம் சுத்தி இருக்கற வைடு லென்ஸ், கிட்டக்க போய் முகத்தை எடுத்தா மூக்கு பெருசா தெரியும், ரெண்டடி பின்னாடி வந்து 2எக்ஸ் ஜூம் வெச்சு எடுங்க. பின்னாடி இருக்கறதை மங்கலாக்கற போர்ட்ரெய்ட் மோடு நான் தொடறதே இல்ல, தலைல வெச்ச மல்லிப்பூவுல பாதி தெளிவா, பாதி மங்கலா வந்துடுது.

போன் இல்லன்னா எடுத்திருக்கவே முடியாதுங்கற படங்களும் என்கிட்ட நிறைய இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் பரவுச்சே, அப்ப தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரோட சின்ன படகுல போனேன், டிஎஸ்எல்ஆரை வீட்லயே வெச்சிட்டு போனேன், அந்த தண்ணிக்கு மேல அதை கைல வெச்சிட்டு உக்கார முடியாது. போன்னா துணியால துடைச்சிட்டு அடுத்த படம் எடுக்கலாம். அங்கயும் இதே கதைதான், அலையாத்தி செடியோட வேர்ல தார் மாதிரி கன்னங்கரேல்னு எண்ணெய் அப்பிருந்துச்சு, போன் அதை சேத்துத் தண்ணி பழுப்பா மாத்திடுச்சு, பாக்கறவங்க ஏதோ மழைக்காலத்து சேறுன்னு நினைச்சிட்டு போயிடுவாங்க. அந்த சூரியன் ஐகானை அடி வரைக்கும் இழுத்தப்புறம்தான் கருப்பு கருப்பா வந்துச்சு. இருட்டை தூக்கறது சும்மா அழகு சமாச்சாரம் மட்டும்தான்னு யாராவது சொன்னா நான் இந்த ரெண்டு படத்தையும்தான் காட்டறேன், ஒண்ணு பாத்தா சேறு, இன்னொண்ணு பாத்தா எண்ணெய், நடந்தது ஒண்ணுதான். தூரத்துல உக்காந்திருந்த கூழைக்கடாவை மட்டும் எடுக்க முடியல, போன் ஜூம்ல அது வெறும் திட்டா வந்துச்சு, அதுக்கு லாங் லென்ஸ்தான் வேணும்.

ஓடறது, ஆடறது எல்லாத்துக்கும் கேமராதான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. வியாசர்பாடில சாயங்காலம் பசங்க ஃபுட்பால் ஆடறப்போ வெளிச்சம் இருக்கற வரைக்கும் போனும் நல்லாதான் எடுக்கும், நாம அமுக்கறதுக்கு முன்னாடியே ஃப்ரேம்களை எடுத்து கைல வெச்சிருக்கும், அதனால அடிச்ச நொடி மாட்டும். வெளிச்சம் இறங்கிட்டா பல ஃப்ரேமை பொருத்தற வேலை ஆரம்பிச்சிடும், உடம்பு தெளிவா இருக்கும் கால் மட்டும் கரைஞ்சு போயிருக்கும். கேமராவுல 1/500 வெச்சு ஐஎஸ்ஓவை ஏத்திட்டா நாய்ஸ் வரும், வந்தா வரட்டும், கால் இருக்குமே. எல்ஈடி லைட்டுக்கு கீழ பாக்ஸிங், கேரம் எடுக்கறவங்களுக்கு ஒரு விஷயம், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சில லைட்டுங்க செகண்டுக்கு 100 தடவை மின்னும், அதனால படத்துல குறுக்கால கருப்பு பட்டை விழும். ஷட்டரை 1/50 இல்ல 1/100ல வெச்சா போயிடும். போன்ல ப்ரோ மோடு போனாதான் இது முடியும்.

கேமரா தூக்கிட்டு போனா ஜனங்க நடந்துக்கற விதமே வேற. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைத்தெருவுல பண்டிகை கூட்டத்துல போன்ல எடுத்தா யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, கேமராவை எடுத்தா "எந்த சேனல்ணா?", "எந்த பேப்பர் சார்?"னு கேள்வி, பசங்க வந்து வரிசையா நின்னு போஸ் குடுப்பாங்க, அதுவும் எனக்கு பிடிக்கும். துறைமுகம் பக்கம்னா கேமராவை பாத்தாலே செக்யூரிட்டி வந்து நிக்கும், எங்க எடுக்கலாம் எங்க கூடாதுன்னு கேட்டுட்டு எடுக்கறதுதான் மரியாதை. ராயபுரம் ஸ்டேஷன், 1856லருந்து நிக்கற கட்டடம், அதெல்லாம் பகல்ல எடுக்க போனே தாராளம், பிரிண்ட் போட்டாலும் வித்தியாசம் கண்டுபிடிக்கறது கஷ்டம்.

கடலோரத்துல கேமரா வெச்சிருக்கறவங்களுக்கு பெரிய எதிரி ஃபங்கஸ். நம்ம காத்துல இருக்கற ஈரத்துக்கு லென்ஸை பையிலயே மாசக்கணக்குல மூடி வெச்சா உள்ள நூல் நூலா படர ஆரம்பிச்சிடும். காத்து போகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஈரத்தை அளக்க ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர், ஈரப்பதம் 40லருந்து 50 சதவீதத்துக்குள்ள இருந்தா போதும். அதை விட நல்லது அடிக்கடி எடுத்து யூஸ் பண்றது. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலத்துல பலபேர் காசிமேடு பக்கமே போக மாட்டாங்க, ஏலம் குறைச்சல்னு. நான் அப்பதான் அதிகமா போவேன், விசைப்படகெல்லாம் கரைல நிக்கும், பெயின்ட் அடிப்பாங்க, வலை பின்னுவாங்க, வெளிச்சமும் நிதானமா இருக்கும், மனுஷங்களுக்கும் பேச நேரம் இருக்கும்.

இப்ப புதுசா வாங்க நினைக்கறவங்களுக்கு. வீட்டு விசேஷம், குழந்தைங்க, ஸ்டேட்டஸ், இதுக்கு மட்டும்னா போனே போதும், கேமராவுக்கு காசு போடாதீங்க. முகம், ராத்திரி, விளையாட்டு, இதுல ஏதோ ஒண்ணு உங்களை இழுக்குதுன்னா பழைய டிஎஸ்எல்ஆர் ஒண்ணு தேடுங்க. பெரும்பாலான கம்பெனிங்க மிரர்லெஸ், அதாவது உள்ள கண்ணாடி இல்லாத புது வகை கேமரா பக்கம் போயிட்டாங்க, அதனால நல்ல நிலைமைல இருக்கற பழைய பாடி மலிவாவே கிடைக்கும். மிச்ச காசுல 50 எம்எம் எஃப் 1.8 வாங்குங்க, கிட் லென்ஸை விட அதுதான் வெளிச்சத்தை உங்க கைல குடுக்கும். பாரிஸ் கார்னர் பக்கமோ தெரிஞ்சவங்ககிட்டயோ வாங்கறப்போ லென்ஸை கழட்டி பின்னாடிலருந்து போன் டார்ச் அடிச்சு, சாய்ச்சு சாய்ச்சு பாருங்க, உள்ள நூலோ மேகமோ தெரிஞ்சா எவ்ளோ குறைச்சு சொன்னாலும் வேணாம். ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரைக்கும் எத்தனை படம் எடுத்திருக்குன்னு கேளுங்க, எஃப் 16ல வெச்சு வெறும் வானத்தை ஒரு படம் எடுத்து பெருசாக்கி பாத்தா சென்சார் தூசி தெரிஞ்சிடும், சீரியல் நம்பரோட பில் கேட்டு வாங்கிக்கோங்க.