கார் நிறுத்துமிடத்தை அறையாக்கப் போகிறீர்களா? தரை வேலைக்குப் பணம் அனுப்பும் முன் படியுங்கள்

தரைவீட்டில் கார் நிறுத்துமிடத்தை அறையாக மாற்ற நினைப்பவர்கள் கவனிக்க. அனுமதி, வரைபடம் எல்லாம் எங்கள் கட்டடக் கலைஞர் ஒழுங்காக முடித்துக் கொடுத்தார். நாங்கள் ஏமாற்றப்பட்டது தரையில்.

வீடு சிங்கப்பூரில், சிராங்கூன் கார்டன் பக்கம். அம்மாவுக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியாது. கீழேயே ஓர் அறை வேண்டும் என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினோம். கார் நிறுத்துமிடத்துக் கான்கிரீட் வாட்டத்தோடுதான் இருக்கும், தண்ணீர் வாசல் பக்கம் ஓடி வடிகாலில் விழ வேண்டும் இல்லையா. எங்கள் இடத்தில் ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு 8 சென்டிமீட்டர் இறக்கம். உயரமான பக்கமே வீட்டுத் தரையைவிட 5 சென்டிமீட்டர் தாழ்வு.

வந்த குத்தகையாளர் நம் தமிழ் ஆள். ரசமட்டம் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, செல்ஃப் லெவலிங் ஊத்திட்டா தண்ணி மாதிரி அதுவே மட்டமாயிடும், கவலையை விடுங்க" என்றார். 6,800 வெள்ளி, அதில் 60 விழுக்காடு முன்பணம். கொட்டேஷனில் இருந்தது ஒரே வரி: தரை மட்டம் செய்து வினைல் (பிளாஸ்டிக் தரைவிரிப்பு) ஒட்டுதல். என்ன பொருள், எத்தனை கனம், பழைய தரையை எப்படித் தயார் செய்வார்கள், எதுவும் இல்லை.

செல்ஃப் லெவலிங் கலவையில் பல வகை சில மில்லிமீட்டர் கனத்துக்கு உரியவை. எவ்வளவு கனம் ஊற்றலாம் என்பது மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும். எங்களுக்கு வந்த மூட்டையில் 3 முதல் 10 மில்லிமீட்டர். அதை வைத்து 8 சென்டிமீட்டர் பள்ளத்தை நிரப்ப முடியாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதா? லாரியில் அந்த மூட்டைகள் கொஞ்சம்தான் வந்தன, மீதி மணலும் சிமெண்டும். தண்ணீரை அள்ளி ஊற்றிக் குழைத்த மணல் கலவையைக் கொட்டி, மேலே மூட்டையில் வந்த செல்ஃப் லெவலிங் கலவையைப் பெயருக்குத் தடவினார்கள். வேலைக்கு வந்த புதுக்கோட்டைத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுத்து அனுப்பியது ஒரு துடைப்பம்தான், அரைக்கும் மெஷின் இல்லை.

அதே வாரத்தில் வினைலும் ஒட்டிவிட்டார்கள். சிமெண்ட் ஸ்கிரீட், அதாவது மட்டம் செய்யப் போடும் மணல் சிமெண்ட் கலவை, காய மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். 50 மில்லிமீட்டரைத் தாண்டினால் இன்னும் மெதுவாகத்தான் காயும். நம் ஊர்க் காற்றின் ஈரம் வேறு. வினைல் ஓரங்கள் தூக்கிக்கொண்டன, அடியில் கறுப்பாகப் பூஞ்சை. வீட்டுப் பக்கம், கனம் ஒன்றுமில்லாமல் தேய்ந்து முடிகிற இடத்தில், தரை அப்பளம் மாதிரி நொறுங்கியது. நடு அறையில் சுத்தியல் பிடியால் தட்டினால் டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம்.

ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்த்தோம். முழுசாகக் கையோடு வந்தது. அடிப்பக்கம் விரலால் தேய்த்தால் மணலாக உதிர்ந்தது. கீழே பழைய கான்கிரீட்டில், எங்கள் பழைய கார் ஒழுகிய ஆயில் கறை பளபளவென்று அப்படியே இருந்தது. அதன்மேல் எந்தக் கலவை ஒட்டும்?

குத்தகையாளரைக் கேட்டதற்கு, "வீடு பழசுக்கா, ஈரம் கீழேருந்து வருது" என்றார். வரலாம்தான். கார் நிறுத்துமிடத்துக் கான்கிரீட்டுக்கு அடியில் ஈரத்தடுப்பு இல்லாமலே போட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சோதிக்க வேண்டியது யார்? ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஓரிரு நாள் விட்டால், அடியில் வியர்க்கிறதா என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவர் தொலைபேசியையே எடுக்கவில்லை.

அடுத்து வந்த சீனப் பெரியவர் முதலில் சுவரைச் சுற்றி லேசரால் கோடு போட்டார். எல்லாவற்றையும் உடைத்து எடுத்து, பழைய தரையை மெஷினால் அரைத்து, ஆயில் ஊறிய இடத்தைக் கொத்தி எடுத்தார்கள். எபோக்சி என்ற பிசின் வகை ஈரத்தடுப்புப் பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மணல் தூவினார்கள், மேலே போடுவது பிடித்துக்கொள்வதற்காக. தரையை வீட்டு மட்டத்துக்கே உயர்த்தினார். வீட்டுப் பக்கம் 5, வாசல் பக்கம் 13 சென்டிமீட்டர், கம்பி வலை வைத்துச் சின்ன ஜல்லி கான்கிரீட். எந்த மூலையிலும் கனம் தேய்ந்து போகவில்லை, அம்மாவுக்குப் படியும் இல்லை. வாட்டத்தை எடுத்துவிட்டால் மழைத்தண்ணீருக்கு வேறு வழி வேண்டும் என்று வாசலுக்கு வெளியே குறுக்காக ஒரு வடிகாலும் போட்டார். முதல் ஆள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கொட்டேஷன் வாங்கும்போது கனம், பொருளின் பெயர், தரைத் தயாரிப்பு, ஈரத்தடுப்பு, காயவிடும் காலம் இவை எழுத்தில் வரட்டும். எழுதித் தர மாட்டேன் என்பவரை அனுப்பிவிடுங்கள், எவ்வளவு இனிக்க இனிக்கத் தமிழ் பேசினாலும் சரி. பணத்தை வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ள புதுப்பிப்பு நிறுவனங்களில் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் உடைப்பதற்கு முன்பும் உடைக்கும்போதும் படம் எடுத்து வையுங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், 2 ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை.

நாங்களும் அங்கேதான் போனோம். ஆயில் கறைப் படத்தைக் காட்டியதும் அந்த முதல் குத்தகையாளரால் வாதாட முடியவில்லை, முன்பணத்தில் பாதியைத் தவணையாகத் தருவதாக ஒப்புக்கொண்டார். முதல் தவணை வந்துவிட்டது. அடுத்தது இன்னும் வரவில்லை.