போடோனி மோடாவா, பிளேஃபேர் டிஸ்ப்ளேயா? ஒரு சாய்வெழுத்துத் தேர்வு

ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு ஒன்றை வடிவமைத்தபோது, அட்டைத் தலைப்பு, கவிதைத் தலைப்புகள், பக்கத்தின் மேல் ஓரத்தில் வரும் சிறு பக்கத்தலைப்பு ஆகிய மூன்றையும் ஒரே சாய்வெழுத்தில் அமைக்க விரும்பினேன். தடித்த கோடு அழுத்தமாகவும் மெல்லிய கோடு மயிரிழையாகவும் ஓடும் செரிஃப் (கோடுகளின் முனையில் சிறு நீட்சி உள்ள) எழுத்துருக்களில் கடைசிவரை போட்டியில் நின்றவை போடோனி மோடாவும் பிளேஃபேர் டிஸ்ப்ளேயும். நான் போடோனி மோடாவை எடுத்துக்கொண்டேன்.

இரண்டும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை. இரண்டிலும் சாய்வெழுத்து தனியாக வரையப்பட்டிருக்கிறது. நேரெழுத்தைக் கணினி வெறுமனே சாய்த்துத் தருவதில்லை.

கிளாஸ் எகர்ஸ் சோரன்சன் வடிவமைத்து 2011இல் வெளியான பிளேஃபேர் டிஸ்ப்ளே, இறகுப் பேனாவிலிருந்து கூர்முனை எஃகுப் பேனாவுக்கு எழுத்து நகர்ந்த காலத்தை நினைவில் வைத்து வரையப்பட்டது. அதன் சாய்வெழுத்தில் கையெழுத்தின் இளக்கம் தெரிகிறது. போடோனி மோடாவின் சாய்வெழுத்து அப்படி இளகுவதில்லை. ஒழுங்கும் விறைப்பும்தான் அதன் அழகு, சுற்றிலும் வெள்ளை இடம் தாராளமாக இருந்தால் அந்த அழகு இன்னும் ஓங்கி நிற்கும்.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் அழகன்று, பக்கத்தலைப்புக்கான 8 புள்ளி அளவில் (புள்ளி என்பது எழுத்தளவின் அலகு) மயிரிழை பிழைத்திருக்குமா என்பதே. போடோனி எழுத்துருக்களின் பெயருக்குரியவரும் இத்தாலியின் பார்மாவில் பணியாற்றிய அச்சுக்கலைஞருமான ஜாம்பத்திஸ்தா போடோனியின் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் உலோக எழுத்தைத் தனித்தனியே செதுக்கியாக வேண்டும் என்பதால், சிறிய எழுத்தின் மெல்லிய கோட்டை அதன் அளவுக்கேற்பச் சற்றுத் தடிப்பாக விட முடிந்தது. கணினியில் ஒரே வரைவைப் பெருக்கியும் சுருக்கியும் பயன்படுத்தத் தொடங்கியபோது அந்த நுட்பம் பல எழுத்துருக்களில் மறைந்துபோனது. 72 புள்ளியில் கம்பீரமாக நிற்கும் கோடு, 8 புள்ளிக்குச் சுருங்கும்போது தாளில் அங்கங்கே அறுந்துவிடுகிறது. 1994இல் வந்த ஐடிசி போடோனி என்ற மற்றொரு போடோனி எழுத்துரு 6, 12, 72 புள்ளிகளுக்கென மூன்று தனி வரைவுகளைத் தந்தது இதனால்தான். போடோனி மோடாவில் அதே வசதி ‘ஒளியியல் அளவு’ என்ற பெயரில் 6 முதல் 96 வரை தொடர்ச்சியாக நகர்கிறது; எண் குறையக் குறைய மயிரிழை தடிக்கும். பக்கத்தலைப்புக்குக் குறைந்த எண்ணையும் அட்டைக்கு உயர்ந்த எண்ணையும் வைத்தால் இரண்டும் ஒரே குடும்பமாகவே தெரிகின்றன. பிளேஃபேர் டிஸ்ப்ளே, பெயரே சொல்வதுபோல், தலைப்புக்கென வரையப்பட்டது. என் சோதனை அச்சில் அதன் சிறிய சாய்வெழுத்துகள் வெளிறிப்போயின. ‘பிளேஃபேர்’ என்ற பெயரில் பின்னர் வந்த பதிப்பில் ஒளியியல் அளவு சேர்க்கப்பட்டிருக்கிறது; அதை நான் அச்சில் பயன்படுத்திப் பார்க்காததால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

போடோனி மோடாவிலும் கவனம் தேவை. சில மென்பொருள்களில் ஒளியியல் அளவு தானாக மாறாது, எண்ணை நாமே அமைக்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அச்சிட்டால் சுற்றியுள்ள மை பரவி மயிரிழையை விழுங்கிவிடும் என்பதால், அத்தகைய இடங்களில் அட்டையானாலும் குறைந்த எண்ணையே வைப்பது நல்லது. மெல்லிய எழுத்தை நான்கு வண்ணக் கலவையில் அடிக்காமல் ஒரே மையில் அடிக்கும்படி அச்சகத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வண்ணங்கள் இம்மியளவு விலகினாலும் கோடு மங்கிவிடும். இணையப் பக்கத்தில் பெரிய தலைப்பு ஒன்றுக்கு மட்டும் சாய்வெழுத்து வேண்டுபவருக்கு இத்தனை ஏற்பாடும் தேவையில்லை. அவருக்குப் பிளேஃபேர் டிஸ்ப்ளேயையே பரிந்துரைப்பேன்.