கத்தாரிலிருந்து தோட்டத்தை எழுதுவது: நினைவா, போனா, லீவா?

கொழுந்துக் கூடையைப் பற்றி நான் எழுதியதை வாசித்துவிட்டு சித்தப்பா மகன் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து போன் எடுத்தான். பேசுவதற்கு முன்னாலேயே சிரிப்பு. "அண்ணே, கூடைய நெத்தியில மாட்டிக்கிட்டு எங்க தோட்டத்துல யாரு இப்ப மலைக்குப் போறா? உரச்சாக்குதான். தேயிலைப் பாக்கெட்டுல இருக்கிற படத்தப் பார்த்து எழுதினீங்களா?"

படத்தைப் பார்த்து எழுதவில்லை. அம்மாவைப் பார்த்து எழுதினேன். ஆனால் நான் பார்த்த அம்மா 1990களில் கொழுந்தெடுத்தவர். 2002இல் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போனேன். 2017இல் கத்தார். தோஹாவில் ஒரு களஞ்சியத்தில் சாமான் கணக்கு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குத்தான் தோட்டத்தைப் பற்றி எழுதுவது. இத்தனை வருஷத்தில் எல்லா வழியிலும் எழுதிப் பார்த்துவிட்டேன்: ஞாபகத்திலிருந்து, போனில் கேட்டு, லீவில் வந்து பார்த்து, பழைய புத்தகங்களைப் புரட்டி. இதைக்கூட லீவில் வந்து, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முன்னால் மழை, காலடியில் ஓர் அட்டை. அப்படியிருந்தும் லீவுக்கு முதலிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

நினைவில் ஒரு பெரிய லாபம் உண்டு. சொல் அங்கேதான் இருக்கிறது. படங்கு, கவ்வாத்துக் கத்தி, கொந்தரப்பு, கொழுந்து மடுவம், பணியக் கணக்கு, மேக்கணக்கு. இவற்றில் ஒன்றையும் நான் தேடிப் போனதில்லை, எழுதும்போது தானாக வந்து விழும். தோஹாவில் என் அறையில் இருக்கும் தஞ்சாவூர்க்காரர் ஒருநாள் பிரட்டு என்றால் என்ன என்று கேட்டார். பரேட் என்பதுதான் பிரட்டு ஆனது என்பார்கள். விடிகாலையில் ஆள்கணக்கு எடுத்து, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடும் இடம் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல அந்தக் குளிர் எனக்கே உறைத்தது. 40 டிகிரி வெயிலில்!

ஆனால் நினைவு, நாம் ஊரைவிட்டுப் போன அந்த வருஷத்தோடேயே நின்றுவிடுகிறது. தலவாக்கலை பக்கம் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியை ஒருமுறை 'பஸ்ஸுக்குள் இருந்தாலும் இரைச்சல் கேட்கும்' என்று எழுதிவைத்தேன். மேல் கொத்மலை மின்நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு அங்கே விழுவது, மேலே அணையிலிருந்து பகலில் திறந்துவிடும் தண்ணீர். என் காதில் விழுந்துகொண்டிருந்தது 2001ஆம் வருஷத்துத் தண்ணீர். நினைவிலிருந்து எழுதுகிறவனுக்குத் தன் பிழை ஒருபோதும் தெரியாது. அவனுக்கு எல்லாமே அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

புத்தகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைத்திருக்கும் 'நூலகம்' தளம் இருக்கிறதே, அது இல்லாவிட்டால் எங்களைப் போல வெளியில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். பழைய மலையகப் பத்திரிகைகளும் மலர்களும் அதில் உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கின்றன. வருஷமும் எண்ணிக்கையும் வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். 1867இல் கண்டி பக்கம் லூல்கந்துரையில் வெள்ளைக்காரர் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். அந்தக் காட்டை வெட்டியவர்களின் பெயரைத் தேடினால் தலைக்கணக்குத்தான் மிஞ்சும். தோட்டத்துக்குப் பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயர், ஜனங்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர். இரண்டும் ஒரே இடம்தான் என்று கண்டுபிடிக்கவே சில சமயம் ஒரு வெள்ளிக்கிழமை போய்விடும்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் புத்தகத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன். எங்கள் லயத்தில் மூன்று காம்பரா (அறை) ஏன் சில வருஷம் பூட்டிக் கிடந்தது என்று சின்ன வயதில் யாரைக் கேட்டாலும் 'அவங்க ஊருக்குப் போயிட்டாங்க' என்பார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, எங்கள் ஆட்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். இதை வாசித்த பிறகுதான் அந்தப் பூட்டுக்கு எனக்கு அர்த்தம் விளங்கியது. அவர்கள் ஏறிப்போன கோச்சிக்கு அப்பாயி வைத்திருந்த பெயர் 'அழுகைக் கோச்சி'. போகிறவர்கள் பெட்டிக்குள் அழ, நிற்கிறவர்கள் ஸ்டேஷனில் அழ, தலைமன்னாருக்குப் போன ரயில். எண்ணிக்கையை ஒப்பந்தத்திலிருந்து எடுத்தேன், தலைப்பை அப்பாயியிடமிருந்து எடுத்தேன்.

சரி, போனுக்கு வருவோம். என் ஓட்டு இதற்குத்தான்.

தோஹாவில் சாயங்காலம் 5 மணி என்றால் தோட்டத்தில் இரவு ஏழரை. சின்னம்மா மலையிலிருந்து வந்து, குளித்து, அடுப்பைப் பற்றவைத்து, ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும் நேரம். போனை ஸ்பீக்கரில் போட்டு மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். ஆரம்பத்தில் நான் பெரிய பெரிய கேள்வியாகக் கேட்டேன். "தோட்டத்து வாழ்க்கை இப்ப எப்படி இருக்கு சின்னம்மா?" பதில் எப்போதும் ஒன்றுதான்: "என்னத்த, இருக்கோம்." அப்புறம் கேள்வியைச் சின்னதாக்கினேன். இன்றைக்கு எந்த மலை? எத்தனை கிலோ? மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க? அவ்வளவுதான், பேச்சு மடை திறந்துவிட்டது.

கொழுந்து நிறுவையைப் பற்றி நான் நினைவிலிருந்து எழுதியதில் ஒரு தராசு இருந்தது, ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார், வரிசை இருந்தது. சின்னம்மா போனில் சொன்னது இது: "ஒரு நாளைக்கு மூணு தரம் நிறுக்கிறாங்கப்பா. இப்ப தராசு மிசினுதான், நம்பரு எரியும். ஆனா அந்த நம்பரு நமக்குச் சேராது. சாக்குக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பாங்க. மழைன்னா தண்ணிக்குன்னு இன்னும் ரெண்டு. நேத்து 17 கிலோன்னு எழுதிட்டாங்க. ஒரு கிலோ கொறைஞ்சதுக்கு அரைப்பேருதான்." அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். 18 கிலோ வந்தால்தான் முழுப்பேர். என் தராசில் ஈரமே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனபோதும் இப்படித்தான். செய்தியைப் பார்த்ததும் ஒரு பக்கம் சந்தோஷமாக எழுதிவிட்டு, சின்னம்மாவுக்கும் போன் எடுத்தேன். "ஆயிரம் சரிதான், கிலோவையும் கூட்டிட்டாங்களே" என்றார். எழுதியதைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.

போனில் இன்னொன்றும் உண்டு. நேரத்துக்குச் சேதி வரும். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கிக் கிடக்கிறது. வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். ஒரு மாசியில் சின்னம்மா, "கோயில் தெரியுதுப்பா, ஆளுங்க போய் சூடம் கொளுத்திட்டு வாராங்க" என்றார். எனக்கு லீவு கிடைப்பதோ எப்போதும் ஆனி, ஆடி மழையில்தான். நீர்த்தேக்கம் ததும்பி நிற்கும். இத்தனை தரம் வந்தும் அந்தக் கோயிலை நான் கண்ணால் கண்டதில்லை.

போனும் கைவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி என்று மலை சரிந்தபோது மூன்று நாள் சின்னம்மாவின் போன் அடிக்கவே இல்லை. இணையத்தில் வந்த படங்களையும், 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போன ஞாபகத்தையும் வைத்து ஏதோ எழுத ஆரம்பித்தேன். பாதியில் அழித்துவிட்டேன். யாருடைய வீடு என்று தெரியாமல் எழுத என்ன இருக்கிறது? நாலாம் நாள் லைன் கிடைத்தபோது எழுதுகிற நினைப்பே எனக்கு வரவில்லை.

இனி லீவு. நேரில் பார்த்து எழுதுவதுதான் உண்மை என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. வந்த அன்றைக்கே கோழி அடிக்கிறார்கள். பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போடுகிறார்கள். போனில் அரைப்பேரைப் பற்றி அரை மணி நேரம் பேசிய சின்னம்மா, நேரில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ சாப்பிடு" என்கிறார். மலைக்குக் கூட வருகிறேன் என்றால், "அட்டை கடிக்கும், நீ சும்மா இரு" என்கிறார். பெட்டியோடு வருகிறவன் பார்ப்பது விருந்தாளிக்குக் காட்டுகிற தோட்டத்தைத்தான். அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரியைப் போல வேஷம் போட்டுத் தோட்டங்களுக்குள் போனார் என்பார்கள். வெளியாளை உள்ளே விடாத துரைமாரின் காலம் அது. எனக்கு வாசலில் தடை ஒன்றும் கிடையாது. கோழிக் குழம்புதான் தடை.

ஆனாலும் லீவில்லாமல் முடியாத ஒன்றும் இருக்கிறது. சின்னம்மாவின் கை. போனில் குரல் இருபது வருஷமாக மாறவே இல்லை. நேற்று தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினபோதுதான் விரலைப் பார்த்தேன். ஆட்காட்டி விரலின் உட்பக்கமும் பெருவிரல் நுனியும் கொழுந்துக் கறை ஏறிக் கறுப்பாக, குறுக்கும் நெடுக்குமாக வெடித்திருந்தன. வெடிப்புக்குள் மெழுகுவர்த்தியை உருக்கி விட்டிருந்தார். இதை எந்த வெள்ளிக்கிழமையும் அவர் சொன்னதில்லை. கேட்கத் தோன்றியிருந்தால்தானே சொல்லியிருப்பார்.

மூன்றையும் வேறொரு கணக்கிலும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுதினால் யாருக்கு வில்லங்கம் என்பது அந்தக் கணக்கு. நினைவிலிருந்து எழுதினால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. செத்துப்போன கங்காணி வந்து கேட்கப் போவதில்லை. போனில் கேட்டு எழுதினால் கதை வேறு. ஒருமுறை தோட்டத்தின் பெயரைப் போட்டு கிலோ கழிப்பதை எழுதிவிட்டேன். நான் கடலுக்கு அந்தப் பக்கம், என்னை என்ன செய்வார்கள்? அடுத்த வாரம் பிரட்டில் சின்னம்மாவை நிறுத்தி, "ஒங்க மகன் வெளிநாட்டுல இருந்து பெரிய எழுத்தாளராமே?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்புறம் பத்து நாள் தூரத்து மலை, ஏற்றமான மலை. அதைக்கூட மூன்று மாதம் கழித்துத் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதிலிருந்து தோட்டத்தின் பெயரைப் போடுவதில்லை. கேட்டதை உடனே வெளியிடுவதுமில்லை, இரண்டு மூன்று மாதம் ஆறப்போடுகிறேன். சூடு குறைகிறது என்பது எனக்கும் தெரிகிறது. சூட்டில் கை வைக்கப்போவது நானில்லையே.

இதுவரை எழுதினதைச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பகுதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு கிலோன்னா போட்டிருக்க? மழைக்கு ரெண்டு கழிச்சது போன வருசம். இப்ப மூணு."

மாற்றிவிடவா என்று கேட்டேன்.

"மாத்து. பேர மட்டும் போட்டுறாத."