மழைக்கால அலமாரிக்குச் சாம்பிராணியா, ஈரம் உறிஞ்சும் டப்பாவா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை, மும்பையில் மழை விடாத நாட்களில், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நம் வீடுகளின் துணி அலமாரியைத் திறந்ததும் எழும் பூஞ்சை வாடைக்குச் சாம்பிராணி போடுவதா, கால்சியம் குளோரைடு நிரப்பிய டப்பாவை வைப்பதா என்று பலரும் தயங்குகிறார்கள்.

வேலை செய்யும் முறை: சாம்பிராணிப் புகை வாடையைத் தன் மணத்தால் மூடுகிறதே தவிர, காற்றிலுள்ள ஈரத்தைக் குறைப்பதில்லை. கால்சியம் குளோரைடோ ஈரத்தை இழுத்து, அதிலேயே கரைந்து, டப்பாவின் அடியில் நீராகத் தேங்குகிறது. பூஞ்சை ஈரத்தில்தான் வளர்கிறது என்பதால் என் மனம் டப்பாவின் பக்கமே சாய்கிறது.

செலவு: சாம்பிராணி மலிவு. டப்பாவை மழைக்காலம் முழுவதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீடிப்பு: மணம் சில மணி நேரம், டப்பா சில வாரங்கள்.

கவனம்: கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு வெளிவருவதால் சன்னலைத் திறந்தே வைக்க வேண்டும், ஆஸ்துமா உள்ளவர்கள் வாழும் வீட்டில் புகையையே தவிர்ப்பது நல்லது. டப்பாவில் தேங்கும் நீர் உலோகத்தை அரிக்கும், தோல் பொருட்களைக் கெடுக்கும். ஆகவே அதைக் கவிழாமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

பட்டுப்புடவைகளும் புத்தகங்களும் உள்ள மூடிய அலமாரிக்கு டப்பாவே ஏற்றது. வெள்ளிக்கிழமை மாலையில் கூடம் மணக்கச் சாம்பிராணி போதும். ஈரக்காற்று ஓயாமல் நுழையும் திறந்த அறையில் டப்பா வீண். சுவரில் நீர்க்கசிவு இருந்தால் இரண்டுமே உதவா. முதலில் கசிவை அடைக்க வேண்டும்.