கார்பன் பட்டை ஒட்டிக் கட்டடத்தைப் பலப்படுத்தித் தருவோரிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் சேமிப்பில் பாதியை வாங்கிக்கொண்டு, வீட்டு முகப்பில் தூணின்றி நீண்டிருக்கும் கான்கிரீட் தளத்தின் மேற்புறத்தில் கார்பன் இழைப் பட்டைகளை ஒட்டிக் கொடுத்த ஒப்பந்த நிறுவனம், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிவதற்குள் அவை கையோடு பெயர்ந்து வருவதைப் பார்க்கக்கூட ஆள் அனுப்ப மறுக்கிறது.

பட்டை துருப்பிடிக்காது, எஃகைவிட வலிமையானது என்றார் அவர்களுடைய பொறியாளர். அது உண்மைதான். ஒட்டி முடித்தபின் ஒரு வட்டத் தகட்டைப் பட்டையின்மேல் ஒட்டி, கருவியால் இழுத்துக் காட்டினார். தகட்டோடு கான்கிரீட்டும் பெயர்ந்து வந்தது. "பாருங்கள், பசை விடவில்லை, கான்கிரீட்தான் உடைந்தது" என்று அவர் சொன்ன அந்த நிமிடத்தில்தான் மீதித் தொகையைக் கொடுத்தோம். அச்சோதனை அன்றைய ஒட்டுதலை மட்டுமே காட்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

இப்பட்டைகளை ஒட்டும், சாதாரண வெப்பநிலையில் இறுகும் எபாக்சி பசைகளில் பல, 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் இளகத் தொடங்கும். ஈரம் ஊறினால் அந்த எல்லை மேலும் இறங்கும். பயன்பாட்டு வெப்பம் அந்த எல்லைக்கு 15 டிகிரி கீழேயே நிற்க வேண்டும் என்பது அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டுதல். திறந்த வெயிலில் கிடக்கும் கரிய பட்டைக்கு அதை யார் கணக்கிட்டார்கள்? போதாததற்கு, தளத்தை ஜாக்கியால் உயர்த்தி ஒட்டி, பிறகு ஜாக்கியை எடுத்ததால், அதன் எடையில் ஒரு பங்கு இரவும் பகலும் பசையின்மேலேயே இருந்தது. 2006-இல் பாஸ்டன் சுரங்கச்சாலையில் கூரைப் பலகைகள் விழுந்து ஒருவர் இறந்ததற்கும், குறுகிய நேரம் பளுவைத் தாங்கிய எபாக்சி, நீடித்த பளுவில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து, பலகைகளைத் தாங்கிய நங்கூர ஆணிகளை நழுவவிட்டதே காரணம்.

முதலில், மேற்பூச்சுதான் உரிகிறது என்றார்கள். பிறகு உங்கள் கான்கிரீட் பலவீனமானது என்றார்கள். அப்படியானால் பெயர்ந்த பட்டையின் அடியில் கான்கிரீட் ஒட்டியிருக்க வேண்டும். எங்கள் கையில் இருப்பதிலோ வழவழப்பான பசை மட்டுமே இருக்கிறது. இறுதியாக வந்த பதில், உத்தரவாதம் பட்டைக்கு மட்டுமே, பசைக்கு இல்லை என்பது. பசை விட்டபின் அந்தப் பட்டையால் யாருக்கு என்ன பயன்? சேமிப்பில் பாதி போனது. இப்போது தளத்துக்கு முட்டுக் கொடுக்கவும் செலவழிக்கிறோம்.

பசை இளகும் வெப்பநிலையை எழுத்தில் கேளுங்கள். உத்தரவாதத்தில் ஒட்டுதலும் அடங்குகிறதா என்று பாருங்கள். பட்டை முழுவதும் கழன்றாலும் தளம் தன் எடையைத் தாங்குமா என்ற கணக்கைக் காட்டாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இன்றே தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் அதன் கீழே யாரையும் நிற்கவிடாதீர்கள்.