ஓபன் போர்ஸ்: பீலா, ஊசி ஆர்.எஃப்.பா, லேசரா?

'ஓபன் போர்ஸ்', அதாவது முகத்தில் விரிந்து தெரியும் தோல் துளைகள், என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்குப் போனால், கையில் தரப்படும் பட்டியலில் பெரும்பாலும் நான்கு சிகிச்சைகள் இருக்கும்: ஹைட்ராஃபேஷியல், சாலிசிலிக் பீல் (அமிலம் தடவித் தோலின் மேலடுக்கை உரிப்பது), எம்.என்.ஆர்.எஃப். (நுண் ஊசிகள் வழியே ரேடியோ அலைச் சூடு செலுத்துவது), ஃப்ராக்ஷனல் சிஓ2 லேசர் (கதிரால் தோலைப் புள்ளி புள்ளியாகச் சுடுவது). எதுவும் துளையை அடைத்துவிடாது, கண்ணுக்குத் தெரிவதைக் குறைக்கும், அவ்வளவுதான். மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் என் ஓட்டு எம்.என்.ஆர்.எஃப்.புக்கு, அதுவும் இன்சுலேட்டட் (தண்டுக்கு உறை போட்ட) ஊசி உள்ள கருவிக்கு மட்டும். முகத்தில் எண்ணெய் வழிகிறதென்றால் அதற்கு முன் சில சாலிசிலிக் பீல்.

முதலில் துளை எந்த வகை என்று தெரிய வேண்டும். கண்ணாடி முன் நின்று கன்னத்துத் தோலை இரு விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். குழி ஏறக்குறைய மறைந்தால் தோல் தளர்ந்திருக்கிறது. இழுத்த பிறகும் ஊசி குத்தியதுபோல் ஆழமாக நின்றால் அது துளையே அல்ல, பருத் தழும்பு. மூக்கிலும் மூக்கோரத்திலும் வட்டமாக, அழுத்தினால் வெள்ளைத் திரி வருவது எண்ணெய்ச் சுரப்பால் வந்தது.

ஹைட்ராஃபேஷியல் உறிஞ்சி எடுப்பது அந்தத் திரியைத்தான். ஒரு மாதத்துக்குள் மறுபடி நிரம்பிவிடும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் செய்துகொள்ளலாம், சிகிச்சை என்று எண்ணி மாதாமாதம் காசு கட்ட வேண்டாம். முகத்தில் கரிப்பசை தடவி அதன்மேல் அடிக்கும் கார்பன் லேசரும் ஏறத்தாழ இதே கதைதான். அடிக்கடி செய்தால் சிலருக்கு வெள்ளைப் புள்ளி விழுவதும் உண்டு.

சாலிசிலிக் பீல் விலைக்கு நியாயமானது. இந்த அமிலம் எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கும். இன்னொரு பீல் அமிலமான கிளைகாலிக்குக்கு அந்தக் குணம் இல்லை. 20 அல்லது 30 சதவீதக் கரைசலை முகத்தின் எண்ணெய் நீக்கிய பிறகு தடவி, 3 முதல் 5 நிமிடம் விடுவார்கள். மேலே வெள்ளையாகப் பூப்பது தோல் வெந்ததால் அல்ல, கரைசல் உலர்ந்து படிந்த அமிலத் துகள். தண்ணீரில் துடைத்தால் போய்விடும். 2 வாரத்துக்கு ஒன்றாக 4 முதல் 6 சிட்டிங். ரெட்டினால் வகைக் க்ரீமைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும்; அந்த வாரம் த்ரெட்டிங், வேக்சிங், ப்ளீச் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும். தளர்ச்சியால் விரிந்த துளைக்கு பீல் பெரிதாக எதுவும் செய்யாது.

மிச்சம் இருப்பது லேசரும் எம்.என்.ஆர்.எஃப்.பும். பலத்தை மட்டும் பார்த்தால், ஆழமான தழும்புக்கு சிஓ2தான் கெட்டி. ஆனால் நம் நிறத்துக்கு முடிவு செய்ய வேண்டிய இடம் வேறு: சிகிச்சைக்குப் பின் படியும் கருமை. டாக்டர்கள் பி.ஐ.எச். என்பார்கள். சிஓ2 கதிர் தோலின் நீர்ச்சத்தைச் சூடாக்கி, மேல்தோலையும் சேர்த்துப் பொசுக்கிக்கொண்டே கீழே இறங்குகிறது. அந்த அழற்சியில் நிறமிச் செல்கள் வேண்டாத அளவு நிறமியைக் கொட்டுகின்றன. பொருக்கு உதிர்ந்து முகம் பளிச்சென்று இருக்கும். 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் கருமை தலைகாட்டும். மேலோட்டமாக இருந்தால் சில மாதம், ஆழத்தில் படிந்தால் வருடக்கணக்கு. துளை, முகத்தருகே வருபவருக்குத்தான் தெரியும். கருந்திட்டு தெருவின் அந்தப் பக்கமிருந்தே தெரியும். மங்கு உள்ளவர்கள் சிஓ2 பக்கம் போகாமலிருப்பதே உத்தமம்.

எம்.என்.ஆர்.எஃப்.பில் ஊசியின் தண்டுக்கு உறை போட்டிருந்தால், சூடு நுனியில் மட்டும், அடித்தோலில் மட்டும் விழும். மேல்தோலில் மெல்லிய குத்து மட்டுமே. ரேடியோ அலை நிறமியைத் தேடிப் போவதும் இல்லை. கருமை வரவே வராது என்று சொல்லவில்லை. வருவது குறைவு, வந்தாலும் பெரும்பாலும் சீக்கிரம் மங்கும். உறையில்லாத ஊசியில் தண்டு முழுக்கச் சூடேறுவதால் இந்த லாபம் குறைகிறது. ஆகவே முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஊசி இன்சுலேட்டடா என்பது.

செய்முறை: மரத்துப்போகும் க்ரீமை 45 முதல் 60 நிமிடம் வைத்து, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் துடைத்து, தோலை நன்றாக உலர்த்த வேண்டும். ஊசிகள் உள்ள முனையான டிப் வரும் பாக்கெட்டை உங்கள் கண் முன் பிரிக்கச் சொல்லுங்கள். துளைக்கு கன்னத்தில் 1 முதல் 1.5 மி.மீ. ஆழம் போதும், நெற்றியிலும் மூக்கிலும் அதற்கும் குறைவு. 3 மி.மீ. எல்லாம் தழும்புக்கு. கைப்பிடி சாய்ந்தாலோ, பல்ஸ் (ஒரு முறை சூடு பாய்வது) முடிவதற்குள் தூக்கினாலோ மேல்தோல் சுட்டு, கட்டம் கட்டமாகப் புள்ளி வரிசை பதியும். டிப் சமமாக உட்காராத மூக்கு மடலில்தான் இது அதிகம். துளை அதிகம் உள்ள இடமும் அதுதான், பலன் குறைவான இடமும் அதுதான். முழு நியாயம் கன்னத்தில்தான் கிடைக்கும். ஆழமும் சக்தியும் மிஞ்சினால் தீக்காயம், கொழுப்புக் கரைந்து கன்னம் ஒட்டுவது, நரம்புச் சேதம் வரை போகலாம். 2025 அக்டோபரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இவற்றைக் குறிப்பிட்டே எச்சரிக்கை விட்டது. பார்லரில் செய்துகொள்ளும் காரியமல்ல இது.

குத்திய கையோடு வைட்டமின் சி சீரம் தடவ விடாதீர்கள். ஊசி குத்திய ஓட்டை வழியே உள்ளே போனால் சிலருக்கு மாதக்கணக்கில் கட்டிகள் நிற்கும். சிவப்பு 1 முதல் 3 நாள். ரெட்டினால் ஒரு வாரம் வேண்டாம். சன்ஸ்க்ரீன் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், முடிந்தால் இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறமுள்ளதாக. 4 முதல் 6 வார இடைவெளியில் 3 அல்லது 4 சிட்டிங். தோலுக்கு இறுக்கம் தரும் புரதமான கொலாஜன் ஊற நேரமாகும் என்பதால் கடைசி சிட்டிங்குக்கு 3 மாதம் கழித்துத்தான் தீர்ப்பு. பேஸ்மேக்கர், கெலாய்டு (தழும்பு தடித்து வளரும்) சுபாவம், சீழ்ப்பரு இருந்தால் கிடையாது. அடிக்கடி உதட்டோரம் ஹெர்பிஸ் கொப்புளம் வருபவர்கள் முன்கூட்டியே சொன்னால் மாத்திரை கொடுத்துவிட்டுத் தொடங்குவார்கள்.

மேலோட்டமாகப் போடும் போடாக்ஸ் ஊசியும் எண்ணெயைக் குறைப்பதாகச் சொல்கிறார்கள். அது சில மாதமே நிற்கும் என்பதற்கு மேல் என்னால் உறுதியாகப் பேச முடியாது.

ஆறு சிட்டிங் பேக்கேஜுக்குத் தள்ளுபடி என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். முதலில் காதுக்கு முன்னால் ஒரு சிறு இடத்தில் டெஸ்ட் ஸ்பாட் வைத்து 4 வாரம் பாருங்கள். கருக்கவில்லை என்றால் ஒரு சிட்டிங்குக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.